கூந்தன்குளத்து வரித்தலை வாத்துகள் வடக்கே கிளம்புவதைப் பார்க்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மதுரையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் போக மார்ச்சில் ஒரு சனி ஞாயிறு நல்லதா, பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் போனால் போதுமா என்பது ஒன்று. வாட்ஸப்பில் வந்த காணொளியில் சாயங்கால வானத்தில் வரிசையாகப் பறக்கும் வாத்துகள் நிஜமாகவே இமயமலைக்குத்தான் போகின்றனவா என்பது இன்னொன்று. புறநானூற்றில் வரும் அன்னம் இந்த வரித்தலை வாத்துதான் என்று உங்கள் மாமனார் சொல்வது சரியா என்பது மூன்றாவது. ஆனால் நீங்கள் அடிப்படையில் கேட்பது வேறு என்று படுகிறது: குளிர்காலம் முழுக்க நம் குளத்தில் இருந்துவிட்டு இந்தப் பறவைகள் கிளம்புகிற அந்த நேரத்தை, நம்மைப் போன்றவர்கள் போய்க் கரையில் நின்று பார்க்க முடியுமா?

பார்க்க முடியும், ஆனால் தேதி குறித்துக்கொண்டு போய்ப் பார்க்க முடியாது. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் அவை செய்கிற ஆயத்தங்களைத்தான் நம்பிப் போகலாம். என்னைக் கேட்டால் அதுதான் பார்க்க வேண்டியதும்கூட. நான் விலங்கியல் படித்தவன். திருநெல்வேலிப் பக்கத்துப் பாசனக் குளங்களில் ஜனவரி மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். குளத்தில் நடப்பதைப் பற்றிச் சொல்வதெல்லாம் பார்த்துப் பழகியது. இமயமலைக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பற்றிச் சொல்வது கருவி மாட்டி ஆராய்ந்தவர்கள் வெளியிட்டது. அந்த இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் தேதி விஷயம். ஏப்ரல் கடைசியை விட்டுவிடுங்கள், வரித்தலை வாத்தைப் பார்க்க அது மிகவும் தாமதம். பொதுவாக நவம்பர், டிசம்பரில் வந்து சேரும் கூட்டங்கள் மாசிக் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பங்குனி முடிவதற்குள் பெரும்பாலும் குளம் காலியாகிவிடும். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை உள்ள வாரங்கள்தான் உங்களுக்குச் சரி. அதிலும் ஒரு நிபந்தனை: குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடத்தில் ஜனவரியிலேயே தண்ணீர் சுருங்கிப் பறவைகள் வேறு குளம் தேடிப் போய்விடுவதுண்டு. நீங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் வனத்துறை ஆட்களிடமோ உள்ளூர்க்காரர்களிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது நல்லது. பக்கத்தில் விஜயநாராயணம் பெரிய குளம் இருக்கிறது. கூந்தன்குளத்தில் காணாமற்போன கூட்டம் சில சமயம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் ஒரே நாளில் ஏன் கிளம்புவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிளம்பத் தூண்டும் முக்கியமான சமிக்ஞை பகல் பொழுது நீள்வது. நம் பக்கம் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. பறவையின் உடம்புக்குத் தெரிகிறது. ஹார்மோன்கள் மாறுகின்றன, பசி கூடுகிறது, கொழுப்பு சேர்கிறது. இதுவரை நிச்சயம். கொழுப்பு சேர்ந்த பிறகு எந்த மாலையில் எழும்புவது என்பதைக் காற்றும் வானமும் அந்தக் குடும்பத்தின் உடல்நிலையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆகவே அதை யாரும் காலண்டரில் குறித்துத் தர முடியாது. 'இந்த வருஷம் பதினெட்டாம் தேதி கிளம்பும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரை நம்பி விடுப்பு போடாதீர்கள்.

சரி, போய் நின்றால் எதைப் பார்ப்பது? வரித்தலை வாத்தின் அடையாளம் எளிது. வெள்ளைத் தலையின் பின்பக்கத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள், சாம்பல் உடல், மஞ்சளும் ஆரஞ்சுமான அலகும் கால்களும், கழுத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. எடை இரண்டிலிருந்து மூன்று கிலோ வரை. பைனாக்குலரைத் தலையில் வைத்து ரசித்தது போதும் என்றானதும் வயிற்றுக்கு இறக்குங்கள். கரையில் நிற்கும் பறவையைப் பக்கவாட்டில் பார்த்தால், காலுக்கும் வாலுக்கும் இடையிலுள்ள அடிவயிறு தெரியும். குளிர்கால நடுவில் அது ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். மார்ச் நெருங்க நெருங்க உப்பித் தொங்கும். வாத்தைப் பிடிக்காமலே அதன் கொழுப்பை மதிப்பிட ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் முறை இதுதான். பத்துப் பறவையைப் பார்த்துப் பழகினால் பிள்ளைகளே 'இது தயார், இது இன்னும் தயாரில்லை' என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வாட்ஸப் காணொளிக்கான பதிலும் இருக்கிறது. வரித்தலை வாத்து பெரும்பாலும் தாவர உணவுக்காரர். பகலில் குளத்தில் நின்றும் தூங்கியும் இளைப்பாறும். பொழுது சாய்ந்ததும் வயலுக்குப் போய், புல்லையும் பிசானம் என்கிற எங்கள் பக்கத்து நெல் பருவத்தின் அறுவடையில் சிந்திய நெல்லையும் இரவில் மேயும். காலையில் குளத்துக்குத் திரும்பும். ஆகவே குளிர்காலம் பூராவும் தினசரி சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணி வாக்கில் வாத்துகள் வரிசை கட்டிப் பறப்பதைப் பார்க்கலாம். காணொளிகளில் 'இமயமலைக்குப் புறப்பட்டன' என்று வருவதில் பெரும்பகுதி இந்த இரவுச் சாப்பாட்டுப் பயணம்தான். உங்களுக்கு வந்த காணொளியைப் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்வது நியாயமில்லை. ஆனால் மார்ச்சுக்கு முன்னால் எடுத்தது என்றால் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? வயலுக்குப் போகிற கூட்டம் தாழப் பறக்கும், பனைமர உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. எந்தத் திசையில் வயல் இருக்கிறதோ அந்தத் திசை, தெற்காகக்கூட இருக்கலாம். கொஞ்ச தூரம் போய் இறங்கிவிடும். நெடும்பயணம் கிளம்பும் கூட்டம் குளத்தைச் சுற்றி எழும்பி, உயரம் பிடித்துக்கொண்டே போகும். ஒலி நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு வடக்கு நோக்கி ஒரே போக்காகப் போய்ப் புள்ளியாகிவிடும். மறுநாள் காலை குளத்தில் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். இந்தக் கடைசிச் சான்று இல்லாமல், கிளம்பியதைப் பார்த்தேன் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எழும்புவதற்கு முன்னால் நிகழ்வது இன்னும் சுவாரசியமானது. ஒரு பறவை தலையைத் தூக்கி அலகை மேல்நோக்கி வெட்டி வெட்டி ஆட்டும். அடுத்ததும் ஆட்டும். குரல் ஓங்கும். குடும்பம் முழுவதும் அதே ஆட்டத்தில் சேர்ந்த பிறகுதான் சிறகு விரியும். ஒன்று ஆட்டி மற்றவை சட்டை செய்யாவிட்டால் அதுவும் அடங்கிவிடும். வயலுக்குப் போவதற்கு முன்னாலும் இதே ஆட்டம் உண்டு. ஆனால் மார்ச் மாலைகளில் ஆட்டி, எழும்பி, ஒரு சுற்றுப் போய், மறுபடியும் தண்ணீரில் வந்து இறங்குவதை அடிக்கடி பார்க்கலாம். இடம்பெயரும் பறவைகளுக்கே உரிய படபடப்பு அது.

குடும்பம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வரித்தலை வாத்தின் இணை பல ஆண்டுகள் சேர்ந்தே இருக்கும், அந்த வருடத்துக் குஞ்சுகளும் குளிர்காலம் முழுக்கப் பெற்றோரோடு இருக்கும். தலையில் இரட்டைப் பட்டை இல்லாமல் உச்சி கருத்துப் படர்ந்திருப்பவை இளசுகள். ஆனால் குளிர்காலம் போகப்போக அவற்றுக்கும் பட்டைகள் தெளிந்துவிடும் என்பதால், மார்ச்சில் எது குஞ்சு எது பெற்றோர் என்று பிரிப்பது கொஞ்சம் கஷ்டம்.

சின்ன வாத்துகளை மறந்துவிடாதீர்கள். வசந்தத்தில் அவற்றைப் பார்ப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அக்டோபரில் வந்திறங்கும்போது ஆண் வாத்துகள் பெண்ணைப் போலவே மங்கலான பழுப்பில் இருக்கும், புதிதாகப் பார்ப்பவர்கள் திணறிப்போவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அவையே முழு வண்ணத்தில் இருக்கும். ஊசிவால் வாத்துக்குச் சாக்லேட் நிறத் தலையும் கழுத்தில் ஏறும் வெள்ளைக் கோடும் நீண்ட வாலும். தட்டைவாயனுக்குப் பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செம்பழுப்பு விலா. நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பிறை வடிவில் பளீரென்ற வெள்ளைப் புருவம். நீலச்சிறகி அரைக் கிலோகூட இருக்காது, ஆனால் அதுவும் மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் நோக்கிப் போகிற பறவைதான். அமைதியான மாலையில் ஆண் நீலச்சிறகியின் குரலுக்குக் காது கொடுங்கள், சீப்பின் பல்லை நகத்தால் இழுத்தது போல வறண்ட ஒலி. இந்த வாத்துகளில் பல இங்கேயே ஜோடி சேர்ந்துவிடுகின்றன. அதற்கப்புறம் பெண் பிறந்த இடத்துக்குத் திரும்பும், ஆண் அதன் பின்னால் போகும். ஆகவே இந்த வருடம் நம் குளத்தில் காதலித்த ஆண் போன வருடம் வேறொரு நாட்டில் இருந்திருக்கலாம்.

கிளம்பும் வரிசையைப் பொறுத்தவரை ஊசிவால் முன்னதாகவே குறையத் தொடங்கும், நீலச்சிறகி கடைசிவரை தங்கும், ஏப்ரலில்கூடச் சில இருக்கும். ஆனால் இந்தச் சின்ன வாத்துகள் பெரும்பாலும் இருட்டிய பிறகே நெடும்பயணம் தொடங்குகின்றன. நேற்று நூற்றுக்கணக்கில் இருந்தவை இன்று காலை இல்லை என்றுதான் நமக்குத் தெரியவரும். மே மாதத்தில் குளத்தில் வாத்து பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்தோ சீழ்க்கைச் சிறகியோ குள்ளத்தாராவோதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள்: அறுவடை வயலில் ஆயிரக்கணக்கில் வாத்து நிற்கிறது என்று வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், கம்பும் கையுமாக ஒருவர் பின்னால் நின்றுகொண்டிருப்பார். அவை வளர்ப்பு வாத்துகள், எந்த மலையையும் தாண்டப்போவதில்லை.

அடுத்து இமயமலை. இந்த வாத்துகள் திபெத் பீடபூமி, மங்கோலியா, கிர்கிஸ்தான், லடாக் ஆகிய இடங்களின் உயரமான ஏரிகளில் முட்டையிடுகின்றன என்பது நிச்சயம். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிய பறவைகள் திருநெல்வேலிக் குளங்களில் பார்க்கப்பட்டிருக்கின்றன. 2008 இறுதியில் கூந்தன்குளத்திலும் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் சில பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். மங்கோலியாவிலும் இந்தியாவிலும் இப்படிக் கருவி மாட்டிய பறவைகளை வைத்துப் பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2011 முதல் வெளியிட்ட கட்டுரைகள்தான் நமக்கு இன்று இருக்கும் நல்ல ஆதாரம். இந்தியப் பக்கத்திலிருந்து ஏறும்போது ஏழெட்டு மணி நேரத்தில் 4,000 முதல் 6,000 மீட்டர் உயரம் பிடிக்கின்றன. அதுவும் பகலில் மலைச்சரிவில் மேலேறும் காற்றின் உதவியை எதிர்பார்க்காமல், காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் விடியலிலும். பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். ஆனால் அது விதிவிலக்கு, பறப்பின் பெரும்பகுதி அதற்கு வெகு கீழேதான். ஒரே உயரத்தில் நேராகப் போகாமல் பள்ளத்தாக்கில் இறங்கி முகட்டில் ஏறி, நிலத்தை ஒட்டியே போவதுதான் அவற்றுக்குச் சிக்கனம் என்று 2015இல் காட்டினார்கள். மெல்லிய காற்றில் சிறகடிக்கும் செலவு அவ்வளவு கூடிவிடுகிறது. அவற்றின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதும் உறுதிப்பட்ட செய்தி.

எவரெஸ்டுக்கு மேலேயே பறக்கின்றன என்பது வேறு கதை. மலையேறிகள் பார்த்ததாகவும் கேட்டதாகவும் சொன்னவை பல பத்தாண்டுகளாகப் புத்தகங்களில் சுற்றி வருகின்றன. கருவிப் பதிவு எதுவும் அந்த 8,849 மீட்டரை எட்டவில்லை. ஒரு பறவையும் ஒருபோதும் போனதில்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, கருவி மாட்டிய பறவைகள் மிகச் சில. ஆனால் வருடாவருடம் எவரெஸ்டைத் தாண்டும் பறவை என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். உண்மையான கதையே போதுமான அளவு பெரியது. அந்த உயரத்தில் இது மட்டும்தான் பறக்கிறது என்பதும் சரியில்லை. நம் நாட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் செந்நிறத் தாராவும் கருவிப் பதிவில் 6,800 மீட்டர் தொட்டிருக்கிறது.

மாமனாரின் அன்னத்துக்கு வருவோம். புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலைக் கூப்பிட்டு, குமரித் துறையில் அயிரை மீன் தின்றுவிட்டு வடமலைக்குப் போகிறாய் என்றால் வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனிடம் என் பெயரைச் சொல், உன் பேடை அணிய நல்ல கலன் தருவான் என்கிறார். தென்முனையிலிருந்து வடக்கு மலைக்கு, ஜோடியாக, வழியில் தங்கிப் போகும் பெரிய நீர்ப்பறவை. நேரமோ நிலா எழும் மாலை. குளக்கரையில் நின்று பழகியவனுக்கு இதைப் படித்தால் வரித்தலை வாத்துதான் மனதில் வரும். அந்த வகையில் மாமனார் பக்கம் நியாயம் நிறைய. உதைக்கும் இடம் அயிரை. இந்த வாத்து புல்லும் தானியமும் தின்னும், மீன் பிடித்துத் தின்பது இதன் வழக்கம் இல்லை. நீரடியில் அலகு விட்டுத் துழாவுவதைப் பார்த்துக் கவிஞர் மீன் என்று எண்ணியிருக்கலாம், அல்லது பல பறவைகளின் இயல்பை ஒன்றில் ஏற்றியிருக்கலாம். பறவைகள் இங்கிருந்து வடமலைக்குப் போகும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது என்ற அளவில் நிச்சயமாகச் சொல்லலாம். இனம் எது என்பதைப் பாட்டை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

நடைமுறைக்கு வருகிறேன். 1994இல் சரணாலயமான இந்தக் குளம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து, இருட்டும் வரை இருங்கள். திருநெல்வேலியில் தங்கிவிட்டு, ஞாயிறு விடிவதற்கு முன் மறுபடியும் வந்துவிடுங்கள். சாயங்காலம் எண்ணியதையும் காலையில் திரும்பி வந்ததையும் ஒப்பிடுவதற்கு இது தேவை. தோராயமான எண்ணிக்கை போதும், பெரிய பையனிடம் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாக்குலர் பிள்ளைகளுக்கு வசதி. வெயில் முதுகுப் பக்கம் இருக்குமாறு நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். கரையை ஒட்டி நெருங்க வேண்டாம், ட்ரோன் கூடவே கூடாது. கூட்டம் ஒருமுறை கலைந்து எழும்பினால் பல நாள் மேய்ந்து சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் வீணாகிறது. மற்ற மாதங்களைவிட மார்ச்சில் அந்த இழப்பு பெரிது. செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்தபோது அதிகம் பாதிக்கப்பட்டவற்றில் இந்த வாத்தும் ஒன்று.

கழுத்தில் பட்டையோ காலில் வளையமோ உள்ள வாத்தைப் பார்த்தால் பட்டையின் நிறம், எழுத்து, எண், இடம், தேதி ஐந்தையும் எழுதி, முடிந்தால் ஒரு படம் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். எங்கே மாட்டியது என்பதைத் தேடிச் சொல்வார்கள்.

மார்ச்சில் வரவே முடியாது, ஏப்ரல் கடைசிதான் என்றாலும் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். வாத்து இருக்காது, ஆனால் ஊருக்குள் வீட்டு மரங்களில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும், பிள்ளைகளுக்கு அதைப் பைனாக்குலர் இல்லாமலே பார்க்கலாம். வாத்துக்கு அடுத்த பிப்ரவரியில் வாருங்கள். பெரிய கூட்டம்தான் வேண்டும் என்றால், என்றாவது வடக்கே போகும்போது இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணைக்குப் போங்கள். அங்கே குளிர்காலக் கணக்கெடுப்பில் இந்த ஓர் இனமே பல பத்தாயிரம் வரும். பின்னணியில் தௌலாதார் மலைத்தொடரும் தெரியும்.